வெறுங்கையால் பிசைந்த பட்டி

ஜனவரி 5, ஞாயிறு

பாதுகாப்புக் காலணி விற்கிறவர்கள் கொடுத்த டைரி இது. வருடா வருடம் வரும். வருடா வருடம் என் மனைவி பிரேமலதா அதை எடுத்துக்கொண்டு போய்த் தன் பள்ளிக்கூடத்து மதிப்பெண்களை எழுதுவாள். இந்த வருடம் நான் விடவில்லை. வரலாற்றுப் பணி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. அதைப் பதிவு செய்யாவிட்டால் எப்படி?

எங்கள் பம்ப் கம்பெனிக்கு அடுத்த மாதம் இருபத்தொன்றாம் தேதி பொன்விழா. தன் அப்பா தொடங்கிய முதல் ஷெட்டைச் சின்னதாக, மாதிரி வடிவில் பார்க்க வேண்டும் என்று எம்.டி. ஆசைப்படுகிறாராம். ஆலை மேலாளர் வெங்கடபதி கூட்டத்தில் இதைச் சொன்னதும் எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பாலிடெக்னிக்கில் தெர்மோகோலில் தாஜ்மகால் செய்து இரண்டாம் பரிசு வாங்கியவன் என்றேன். போட்டியில் இருந்தது மொத்தம் இரண்டு பேர் என்பதை யாரும் கேட்கவில்லை.

இன்று காந்திபுரத்தில் எபாக்ஸி பட்டி வாங்கி வந்தேன். வெள்ளையாக ஒரு உருண்டை, சாம்பல் நிறத்தில் ஒரு உருண்டை. இரண்டையும் சம அளவில் எடுத்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி ஆகும். இரண்டு மணி நேரத்தில் கல்லாக இறுகிவிடும். வார்ப்பில் விழுகிற சிறு ஓட்டைகளை அடைக்க எங்கள் தொழிற்சாலையின் பட்டிப் பிரிவில் பெண்கள் பிசைகிற அதே வகைச் சரக்குதான்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பொடி எழுத்தில் எச்சரிக்கைகள். படிக்கவில்லை. நான் பாதுகாப்பு அலுவலர். இப்படிப்பட்ட சீட்டுகளை எழுதுகிறவன். சமையல்காரன் ஓட்டலில் போய்ச் சாப்பிடுவானா?

ஜனவரி 8, புதன்

காலையில் சாணைப் பிரிவில் கண்ணாடி அணியாத இரண்டு பேரைப் பிடித்தேன். என்னைக் கண்டதும் ஒருவன், “கிளவுஸ்காரர் வர்றாருடோய்” என்று குரல் கொடுத்தான். எனக்குப் பெயர் சென்னியப்பன். இருபத்திரண்டு வருட சேவையில் கிளவுஸ்காரர் ஆகிவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் சுவர் எழுப்பினேன். பட்டியைத் தகடாக்க வேறெதுவும் அகப்படாததால் பூரிக்கட்டையை எடுத்தேன். அருமையாக வந்தது. முதலில் கையுறை போட்டுத்தான் பார்த்தேன். விரலுக்கு உணர்வே இல்லை. செங்கல் வரி கோணிக்கொண்டு போனது. கழற்றிவிட்டேன். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு நீவினால் வழவழப்பாக வருகிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஜனவரி 9, வியாழன்

இன்று பூரி. கட்டையைக் கழுவிவிட்டேன் என்று பிரேமலதாவிடம் சொன்னேன். துடைத்தேன் என்பதுதான் சரி.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கை லேசாக அரிக்கிறது. கரும்பு உரித்ததால் இருக்கும்.

ஜனவரி 17, வெள்ளி

கரும்பு இல்லை. சோப்பு. புது சோப்பை மாற்றச் சொன்னேன். பிரேமலதா, “பத்து வருசமா இதே சோப்புத்தானுங்க” என்றாள். அப்படியானால் தண்ணீர். ஊருக்கே வருகிற தண்ணீர் எனக்கு மட்டும் ஆகவில்லை போலிருக்கிறது.

விரலில் ஒட்டிய பட்டி சோப்புக்குப் போவதில்லை என்பதால் தின்னரில் கழுவுகிறேன். தின்னர் நன்றாக எரிகிறது. எரிந்தால் சுத்தமாகிறது என்று அர்த்தம்.

தொழிற்சாலையில் புது வருட ஒப்பந்தப் பட்டியலைப் பார்த்தேன். பட்டிப் பிரிவில் பதினொரு பெயர். போன வருடம் பன்னிரண்டு. அது மனிதவளத் துறையின் வேலை, என்னுடையது அல்ல.

ஜனவரி 22, புதன்

விரல் இடுக்குகளில் கடுகு கடுகாகக் கொப்புளம். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் முறுக்கு சுடும்போது எண்ணெய் தெறித்தது என்றேன். நான் முறுக்கு சுடுகிறேன் என்பதை அத்தனை பேரும் நம்பினார்கள். அதுதான் வருத்தம்.

மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டு இன்று முதல் கையுறை. எங்கள் ஸ்டோரில் கொடுக்கும் வெள்ளைத் துணிக் கையுறை. நானே தேர்வு செய்து ஆர்டர் போட்டது. துவைத்துத் துவைத்துப் போடலாம்.

ஜனவரி 25, சனி

கையுறை போட்ட பிறகு அதிகமாகிவிட்டது. மணிக்கட்டு வரை சிவப்பு. புரியவில்லை.

ஜனவரி 27, திங்கள்

நேற்று கூரைத் தகடுகளை உப்புத்தாளால் தேய்த்தேன். மாவு மில் மாதிரி தூசி. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பிரேமலதா நாலைந்து தடவை இருமிவிட்டு, விடைத்தாள் கட்டோடு மாடிக்குப் போய்விட்டாள். முகமூடி பற்றி நினைத்தேன். பீரோவில் இருந்தது. பீரோ அடுத்த அறையில் இருந்தது.

இன்று காலை கண் திறக்கவில்லை. இரண்டு இமையும் பணியாரம் போல வீங்கியிருந்தன. பிரேமலதா விளக்கைப் போட்டாள்.

“ஏனுங்க, மூஞ்சி என்னங்க இப்படிக் கெடக்குது? குளவி கொட்டுச்சா?”

“தூக்கம் பத்தல.”

“தூங்காதவிய எல்லாரும் இப்படியா இருக்கறாங்க? நாளைக்கு ஆஸ்பத்திரி போறமுங்க. இன்னிக்கே போகோணும், ஆனா எனக்கு ரிவிஷன் டெஸ்ட் இருக்குது.”

எட்டு மணி பாதுகாப்புப் பேச்சுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனேன். தலைப்பு: கண் பாதுகாப்பு. கண்ணாடி போட்டதற்காக இரண்டு பேர் கை தட்டினார்கள்.

ஜனவரி 28, செவ்வாய்

தோல் மருத்துவர் ரெஹானா. சின்ன வயது, சிரிக்காத முகம். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் இமைகளை. அப்புறம் கழுத்தின் பக்கவாட்டை. யாராவது என் கையை இவ்வளவு நேரம் பார்த்ததாக நினைவில்லை.

“என்ன வேலை பண்றீங்க?”

“கம்பெனில சேஃப்டி ஆஃபீசருங்க.”

“இது சேஃப்டி ஆஃபீசருக்கு வர்ற வியாதி இல்லையே. வீட்ல பெயிண்ட், பசை, அந்த மாதிரி ஏதாவது?”

நான் வாயைத் திறப்பதற்குள் பிரேமலதா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பூரிக்கட்டை வரை. அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று இன்னும் விளங்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இறுகிக் கல்லான பிறகு அந்தச் சரக்கு அதிகம் தொந்தரவு செய்யாது. பிசையும்போதும், முழுதாக இறுகாமல் இருக்கும்போதும்தான் தோலுக்குள் வேலையைக் காட்டும். வாயில் வைத்த விரலால் தொடக் கூடாது. சாப்பிடுகிற இடத்தில் வைக்கக் கூடாது. தின்னரில் கழுவினால் தோலின் எண்ணெய்ப் பசை போய், இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும். உலர வைத்துத் தேய்த்தால் தூசி இமையில் உட்காரும். தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகமூடியோடு.

“நான் கிளவுஸ் போட்டனுங்க டாக்டர்” என்றேன், ஒரு மதிப்பெண்ணாவது கிடைக்கட்டும் என்று.

“எந்த கிளவுஸ்?”

“துணி கிளவுஸ்.”

“துணி உறிஞ்சிக்கும். அப்புறம் நாள் பூரா அதைக் கைமேலயே அழுத்திப் பிடிச்சு வெச்சிருக்கும். வெறுங்கையை விட மோசம். சரக்கு ஊறாத நைட்ரைல் ரப்பர் கிளவுஸ் போடணும், அதையும் அடிக்கடி மாத்தணும்.”

எந்தச் சரக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் மூன்று வரிசையாக மருந்து தடவிய பட்டைகளை ஒட்டி அனுப்பினார். சனிக்கிழமை முடிவு.

துணியைப் பற்றி டாக்டர் சொன்ன அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். யார் சொன்னது என்று எழுதப் போவதில்லை. முதுகு அரிக்கிறது.

பிப்ரவரி 1, சனி

முதுகில், பட்டியில் இருக்கிற எபாக்ஸி ரெசினைத் தடவிய இடம் மட்டும் ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. “இது ஆயுசுக்கும் இருக்கும். ஒரு தடவை உடம்பு கண்டுபிடிச்சிடுச்சுன்னா மறக்காது. இனி நீங்க அதைத் தொடவே கூடாது” என்றார் டாக்டர் ரெஹானா.

மாதிரி ஷெட்டுக்கு இன்னும் பாதிக் கூரை பாக்கி.

பிப்ரவரி 2, ஞாயிறு

எழுதிவிடுகிறேன்.

மரகதமணி. பட்டிப் பிரிவின் பன்னிரண்டாவது பெயர். முப்பத்தெட்டு வயது, இருகூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார், ஒன்பது வருட ஒப்பந்தத் தொழிலாளி. அக்டோபரில் ஒருநாள் என் அறைக்கு வந்தார். கையை முந்தானையில் சுற்றியிருந்தார்.

“சார், துணி கிளவுஸ் போட்டா கையில பட்டி ஊறிப் போயி அப்படியே நிக்குதுங்க சார். கழட்டிட்டா கொஞ்சம் தேவலையா இருக்குது. வேற கிளவுஸ் குடுங்க. இல்லாட்டி கழட்டறதுக்குத் திட்டாதீங்க.”

நான் அப்போது போனில் இருந்தேன். அடுத்த மார்ச்சில் வருகிற பாதுகாப்பு வார வாசகப் போட்டிக்குப் பரிசு டிபன் பாக்ஸா ஃபிளாஸ்க்கா என்று முக்கியமான பேச்சு. போனைக் கையால் பொத்திக்கொண்டு, “வீட்ல பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாத்தும்மா” என்றேன். அவர் முந்தானையை அவிழ்க்கப் போனார். அதற்குள் நான் போனுக்குத் திரும்பிவிட்டேன்.

அன்று மாலை அறிக்கை எழுதினேன். என் எழுத்து அழகாக இருக்கும், எல்லோரும் சொல்வார்கள். “தொழிலாளியின் கைகள் பரிசோதிக்கப்பட்டன. வேலை சார்ந்த காரணம் எதுவும் இல்லை. கையுறை அணிய மறுக்கிறார்.” கையெழுத்து, தேதி, முத்திரை.

நான் அந்தக் கைகளைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் கையுறையைக் கழற்றியதற்காக இரண்டு மெமோ கொடுத்தேன். இரண்டு மெமோ இருந்ததால் டிசம்பரோடு ஒப்பந்தம் நின்றது. மனிதவளத் துறைதான் நிறுத்தியது. ஆனால் அவர்கள் மேற்கோள் காட்டியது என்னைத்தான்.

பிரேமலதாவிடம் சொன்னேன். அவள் திருத்திக்கொண்டிருந்த தாளை மூடி வைத்தாள். “உங்க கை வீங்கலைன்னா இது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமுங்களா?” என்று கேட்டாள். கணக்கு டீச்சர். ஒரே கேள்விதான் கேட்பாள்.

பிப்ரவரி 5, புதன்

இருகூர் போனேன். மரகதமணியின் வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம். துணிக் கிடங்கு ஒன்றில் பண்டல் பிரிக்கும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். என்னைக் கண்டதும் கதவைப் பாதி சாத்தினார்.

“என்னங்க சார், மூணாவது மெமோ வீட்டுக்கே வருதுங்களா?”

பஸ்ஸில் வரும்போது தயாரித்திருந்த நாலு பத்திப் பேச்சு மறந்துவிட்டது. கையை நீட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு அல்ல, ஆனாலும் சிரிப்பு.

“உங்களுக்குமா! எந்த சோப்புங்க சார் போடறீங்க?”

வாங்க வேண்டிய குத்தலை வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். அறிக்கை பொய் என்றும் சொன்னேன். டாக்டரிடம் வரச் சொல்லிக் கேட்டேன். முடிவு கிடைத்தால் அறிக்கையைத் திருத்தலாம் என்றேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். “உங்க கையெழுத்த நம்பி ஒருக்கா கெட்டது போதுமுங்க சார். இப்பவும் இந்த வேலையில அட்டைப்பெட்டி மேல ஒட்டற பசை பட்டாக்கூட வெடிச்சுப் போகுது. புள்ளைக்குத் தலை வாரி உட முடியல, முடி கையில பட்டா எரியுது. எம்பட புருசன் கூட என்ன சொன்னாருன்னா, ஆபீசரே பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்காரு, நீதான் வேலைக்குச் சலிச்சுக்கறேன்னு.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் காகிதம் ஆலையோடு நின்றது என்று நினைத்திருந்தேன்.

கடைசியில், “வர்றனுங்க. ஆனா நீங்க எழுதறத நான் வாசிச்சுப் பாத்த பொறகுதான் குடுக்கோணும்” என்றார்.

பிப்ரவரி 14, வெள்ளி

மரகதமணிக்கும் அதே இடத்தில் அதே சிவப்பு, என்னுடையதை விடப் பெரிது. டாக்டர் ரெஹானா எழுதிக் கொடுத்த தாளை அவர் இரண்டு முறை படித்தார். மடித்துப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். “அவரு படிக்கோணுமுங்க” என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

திருத்திய அறிக்கையை நேற்று மரகதமணி படித்தார். “பரிசோதிக்கப்படவில்லை” என்ற வரிக்குக் கீழே விரலை வைத்து, “இத இன்னுங்கொஞ்சம் பெருசா எழுத முடியாதுங்களா?” என்றார். பெரிதாக எழுதினேன்.

இன்று அதை எடுத்துக்கொண்டு வெங்கடபதியிடம் போனேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“சென்னியப்பன், உங்க கை வீட்ல வெளையாடி வந்தது. இதுக்கும் கம்பெனிக்கும் என்ன?”

“சரக்கு ஒண்ணுதாங்க சார். கிளவுஸும் நம்மளுதுதான்.”

“பொய் ரிப்போர்ட்டுன்னு நீங்களே எழுதிக் குடுத்தா மொதல்ல உங்க வேலைக்குத்தான் ஆபத்து. வெள்ளிக்கிழமை ஃபங்ஷன். வர்றவங்க முன்னால இதெல்லாம் எதுக்கு? முடியட்டும், மெதுவா பாக்கலாம்.”

“சரிங்க சார்” என்றேன். ஆம், அதைத்தான் சொன்னேன். தாளை உறைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியில் வேகமாக இறங்கினேன், அவர் மனம் மாறி என்னைத் தைரியமாக இருக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயந்தவன் போல.

பிப்ரவரி 18, செவ்வாய்

உறை மேஜையில் கிடந்தது. பிரேமலதா அதைச் சுற்றித் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

இரவு பதினொரு மணிக்கு எம்.டி., மேலாளர், மனிதவளத் துறை மூவருக்கும் ஒரே நேரத்தில் அந்த அறிக்கையை மெயிலில் அனுப்பினேன். இரண்டு மருத்துவச் சான்றையும் இணைத்தேன். முதல் முறை அனுப்பும்போது சான்றுகளை இணைக்க மறந்து, அவசரமாக இரண்டாவது மெயில் போட வேண்டியதாயிற்று. வீரச் செயல்கள் எனக்கு இப்படித்தான் அமைகின்றன.

பிப்ரவரி 21, வெள்ளி

பொன்விழா. மாதிரி ஷெட் கண்ணாடிப் பெட்டிக்குள், மேடைக்குக் கீழே. மீதிக் கூரையை அட்டையில் வெட்டிச் சாயம் அடித்தேன். அட்டைக் கூரைதான் பார்க்க நன்றாக இருந்தது. எல்லாவற்றையுமே அட்டையில் செய்திருக்கலாம்.

எம்.டி. குனிந்து பார்த்தார். அவருடைய அப்பா உட்காரும் ஸ்டூலைக் கூடச் செய்திருந்தேன். அவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு என் கையைக் குலுக்க வந்தார். அதில் சுற்றியிருந்த கட்டுத்துணியைப் பார்த்து நிறுத்தினார்.

“கை என்னாச்சு?”

வெங்கடபதி முந்திக்கொண்டார். “தோட்ட வேலைங்க சார். ரோஜாச் செடி.”

எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை. ஒரு தொட்டி கூட இல்லை.

“இல்லீங்க சார்,” என்றேன். குரல் கீச்சென்று வந்தது, பக்கத்தில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். “இந்த ஷெட்டு செஞ்ச பட்டிங்க சார். நம்ம பட்டி செக்‌ஷன்ல இருக்கற அதே பட்டி. செவ்வாக்கிழமை மெயில் போட்டிருக்கனுங்க.”

“மெயில் பாக்கல” என்றார். ஷெட்டை மறுபடி ஒருமுறை பார்த்தார். “திங்கக்கிழமை வாங்க. அந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

“எந்தம்மா” என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று வீடு வரும் வரை யோசித்தேன். மெயிலைப் படித்திருக்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

கூட்டம் நாற்பது நிமிடம். பெரும்பாலும் பேசியது மரகதமணி. துணிக் கையுறையில் பட்டி ஊறுவதை, மதியச் சாப்பாட்டுக்கு முன் தின்னரில் கை கழுவச் சொல்லிக் கொடுத்ததை, தேய்க்கும்போது தூசி கிளம்புவதை, ஒரே அறையில் பட்டியும் டிபன் பாக்ஸும் இருப்பதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். தின்னரைச் சொன்னபோது என் பக்கம் பார்க்கவில்லை. அந்தப் பழக்கத்தை அனுமதித்துச் சுற்றறிக்கை விட்டது யார் என்று அறையில் எல்லோருக்கும் தெரியும்.

முடிவுகள்: துணிக் கையுறை நாளையோடு ஒழிகிறது. நைட்ரைல் கையுறை, சோப்பும் குழாயும், ஈரத் தேய்ப்பு, காற்றை உறிஞ்சும் விசிறி. இரண்டு மெமோவும் ரத்து. மரகதமணிக்குப் பட்டி இல்லாத இடத்தில், பம்ப் பொருத்தும் பிரிவில் வேலை.

“நிரந்தரமாங்களா, ஒப்பந்தமாங்களா?” என்று அவர் கேட்டார். வெங்கடபதி தாளைப் புரட்டினார். எம்.டி., “ஆறு மாசம் பாத்துட்டு நிரந்தரம்” என்றார். “எழுதிக் குடுங்க” என்றார் மரகதமணி.

எனக்கு ஒரு மெமோ. பொய்ப் பதிவுக்கு. ஒரு வருட ஊதிய உயர்வு கிடையாது, இன்னொரு முறை நடந்தால் பணி நீக்கம். வாசகம் எனக்கு மிகப் பழக்கமாக இருந்தது. பார்த்தால் என் பழைய மெமோவை நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். எழுத்துப் பிழை உட்பட.

பிப்ரவரி 26, புதன்

பிரேமலதாவுக்குப் புதுப் பூரிக்கட்டை வாங்கிக் கொடுத்தேன். பழையதை என்ன செய்வது என்று கேட்டேன். “குப்பையில போடுங்க, உங்க கையால இல்லீங்க” என்றாள்.

மார்ச் 3, திங்கள்

மரகதமணி இன்று வேலைக்குச் சேர்ந்தார். நாளை பாதுகாப்பு தினம். வாசகப் போட்டித் தாள்களைத் திருத்திக்கொண்டு என் அறையில் இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. வெளியே காலடிச் சத்தம், அடங்கிய பேச்சு. கதவைத் திறந்து மரகதமணி தலையை நீட்டினார்.

“சார், சித்த நேரம் இருக்குதுங்களா?”

“வாங்கம்மா.”

“எனக்கில்லீங்க.”

கதவை முழுதாகத் திறந்தார். பட்டிப் பிரிவுப் பெண்கள். வராந்தாவில் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். எண்ணினேன். பதினொரு பேர். சிலர் கையை முந்தானைக்குள் வைத்திருந்தார்கள். இரண்டு பேருக்கு இமை தடித்திருந்தது. இதே முகங்களுக்கு முன்னால்தான் ஒவ்வொரு மாதமும் எட்டு மணிக்கு நின்று பேசுகிறேன்.

“இத்தன பேருக்குமா?” என்றேன்.

“யாராச்சும் கேட்டீங்களாங்க?” என்றார் மரகதமணி. கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று சொல்வது போலச் சொன்னார்.

போட்டித் தாள்களை வாரித் தரையில் வைத்தேன். மேஜை காலியானது. ஜன்னல் ஓரம், வெளிச்சம் விழும் இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன். படிக்கிற கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். மரகதமணி வராந்தாப் பக்கம் திரும்பி, “செல்வநாயகி, நீ மொதல்ல வா” என்றார்.

செல்வநாயகி வந்து உட்கார்ந்து, முந்தானையை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று என்னைப் பார்த்தார்.

“மெதுவா அவுருங்க,” என்றேன். “நான் எங்கயும் போகல.”